அந்த எண்ணை யார் பார்க்கிறார்கள்?

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை மருத்துவமனைகளில் சிஓபிடி என்பார்கள். வீட்டில் இளைப்பு, வீசிங் என்பார்கள். அந்த நோயை வீட்டிலிருந்தபடியே கண்காணிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

அப்பாவுக்கு 71 வயது, சிஓபிடி. கோபிச்செட்டிபாளையத்தில் தனியாக இருக்கிறார். தினமும் காலையில் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். 91 என்று வந்தால் அன்றைக்கு எனக்கு வேலையே ஓடுவதில்லை. என்ன செய்வது?
— வாசகி, பெங்களூரு

91 வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லிவைக்கவில்லை. பதற்றம் அங்கிருந்துதான் வருகிறது. அப்பாவின் மருத்துவரிடம் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். அப்பா நன்றாக இருக்கும் நாளில் அவருடைய வழக்கமான அளவு எவ்வளவு? எவ்வளவு குறைந்தால் யாரை அழைப்பது? அதுவரை வீட்டில் எந்த மருந்தை எத்தனை முறை எடுப்பது? பதிலைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அப்பாவின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். அதன் படம் உங்கள் போனிலும் பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் இருக்கட்டும்.

இனிமேல் எண்ணோடு இன்னும் மூன்று விஷயங்களையும் கேளுங்கள். நேற்றைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறதா? சளி கூடியிருக்கிறதா? அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருக்கிறதா? நோய் திடீரென மோசமாவதை அடையாளம் காண 1987இல் கனடாவில் ஆந்தோனிசன் குழுவினர் வகுத்த மூன்று அறிகுறிகள் இவை. மருத்துவர்கள் இன்றும் இவற்றைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

கோவிட் காலத்தில் 94க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார்கள். இப்போது 90 பரவாயில்லை என்கிறார் டாக்டர். எது சரி?
— வாசகர், விருதுநகர்

இரண்டும் சரி. நோய்தான் வேறு. கோவிட்டில், அதுவரை நல்ல நுரையீரலோடு இருந்தவருக்கு அளவு திடீரென இறங்கியது. சிஓபிடியில் உடல் பல ஆண்டுகளாகக் குறைந்த அளவோடு வாழப் பழகியிருக்கலாம். இந்த நோயாளிகளில் பலருக்கு, நோய் முற்றும்போது ஆக்சிஜன் கொடுத்தால்கூட 88 முதல் 92 வரைதான் இலக்கு. அளவுக்கு மீறி ஆக்சிஜன் ஏற்றினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி, தலைவலி, தூக்கக் கலக்கம், கடைசியில் மயக்கம்வரை போகும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே இதைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். தாராளமாக ஆக்சிஜன் தரப்பட்டவர்களைவிட, அளந்து தரப்பட்டவர்களிடையே இறப்பு பாதிக்கும் கீழே இருந்தது. ஆகவே டாக்டர் உங்களுக்கென்று சொன்ன எண்தான் உங்கள் எண். தொலைக்காட்சியில் கேட்ட எண் வேறொருவருடையது.

ஆக்சிமீட்டர் ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு எண் காட்டுகிறது. நம்பலாமா?
— வாசகர், கும்பகோணம்

நம்பலாம். ஆனால் ஒரே ஒரு எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

இந்தக் கருவியின் மூல யோசனை, 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்டறிந்தது. சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் விரலை ஊடுருவுகின்றன. ஆக்சிஜன் ஏந்திய ரத்தமும் ஏந்தாத ரத்தமும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. நாடித் துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்துக் கருவி கணக்குப் போடுகிறது. விரல் சில்லிட்டிருந்தால், கை நடுங்கினால், நகப்பூச்சு இருந்தால் கணக்கு தப்பும்.

எனவே ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலாகப் பாருங்கள். எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். தினமும் அதே நேரம், அதே விரல்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கருவி 90 காட்டினால் உண்மை அளவு 86 முதல் 94 வரை எதுவாகவும் இருக்கலாம் என்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அந்நாட்டில் 2020இல் வெளியான ஆய்வில், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஆக்சிஜன் குறைவை இக்கருவி ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது தெரிந்தது. கருநிறத் தோல் கொண்ட நாம் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லையென்றால், ஆளை நம்புங்கள்.

ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறதே, அது போதாதா?
— வாசகர், கோயம்புத்தூர்

எத்தனை அடி நடந்தீர்கள் என்று எண்ண அது போதும். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க, மருத்துவத்துக்கென்றே செய்து சோதித்த கருவி வேண்டும்.

தொலைக் கண்காணிப்பால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது கருவி விற்கிறவர்களுக்கு மட்டும்தான் பயனா? நேராகச் சொல்லுங்கள்.
— வாசகர், திருநெல்வேலி

நேராகவே சொல்கிறேன். இங்கிலாந்தில் 2008 முதல் ‘ஹோல் சிஸ்டம் டெமான்ஸ்ட்ரேட்டர்’ என்ற பெரிய சோதனை நடந்தது. கார்ன்வால், கென்ட், லண்டனின் நியூஹாம் பகுதிகளில் சிஓபிடி, சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு உள்ள 3,230 பேர் கலந்துகொண்டார்கள். ஓராண்டில், வீட்டில் கண்காணிப்புக் கருவி பெற்றவர்களில் 4.6 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 8.3 சதவீதம். எல்லோரும் மகிழ்ந்தார்கள். செலவுக் கணக்கு பார்த்தபோது அந்த மகிழ்ச்சி குறைந்தது. போட்ட பணத்துக்கு ஏற்ற பலன் வரவில்லை.

அடுத்து 2013இல் ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதி ஆய்வு வந்தது. 256 சிஓபிடி நோயாளிகள். பாதிப் பேருக்குக் கண்காணிப்புக் கருவி, மீதிப் பேருக்குக் கிடையாது. மருத்துவமனையில் சேரும் நாள் கருவியால் தள்ளிப்போகவே இல்லை.

ஏன் இந்த முரண்? லோதியனில் இரு பிரிவினருக்கும் ஒரே தரமான மருத்துவக் கவனிப்பு கிடைத்தது. கூடுதலாக வந்தது கருவி மட்டும்தான், அது தனியாக எதையும் சாதிக்கவில்லை. 2021இல் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் இதே படம்தான் தெரிந்தது. வெறும் கண்காணிப்பால் உறுதியான பயன் தெரியவில்லை, தீங்கும் தெரியவில்லை. கண்காணிப்போடு பயிற்சியும் தொடர் கவனிப்பும் சேர்ந்த இடங்களில், மறுபடி மருத்துவமனையில் சேர்வது குறையக்கூடும் என்று தெரிந்தது.

எனவே விற்க வருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “ராத்திரி 11 மணிக்கு என் அம்மாவின் எண் இறங்கினால் அதைப் பார்க்கிறவர் யார், அவர் என்ன செய்வார்?” பதில் தெளிவாக வந்தால் வாங்குங்கள். “ஆப்பில் சிவப்பு விளக்கு எரியும்” என்று மட்டும் சொன்னால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரல் நோயை வீட்டில் வைத்துப் பார்ப்பதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும். நம் ஊருக்குச் சரிவருமா?
— வாசகர், சேலம்

சரிவரும் என்று உலகத்துக்கே காட்டியது நம் சென்னைதான்.

1950களில் காசநோய் என்றால் சானடோரியத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று நம்பினார்கள். அதற்கான படுக்கைகள் நாட்டில் போதவே போதாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல உணவோடும் இருந்தார்கள். மற்றவர்கள் தங்கள் குடிசைகளிலேயே, நெரிசலிலும் பற்றாக்குறையிலும் இருந்தபடி அதே மருந்துகளை எடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டுச் சிகிச்சை, சானடோரியச் சிகிச்சைக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. அந்த மையம்தான் இன்றைய சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அந்த வெற்றியின் அடிப்படை என்ன தெரியுமா? பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், மருந்து உள்ளே போகிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள், குடும்பத்தோடு பேசினார்கள். அன்று கால்நடையாகச் செய்ததைத்தான் இன்று கருவியும் போனும் வைத்துச் செய்யப் பார்க்கிறோம். அந்த ஆட்களின் இடத்தில் ஆப்பை மட்டும் வைத்தால் பழைய பலன் வராது.

அம்மா பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. 40 வருடம் விறகடுப்பு. இப்போது நாலு படி ஏறினாலே இளைக்கிறது. நல்ல ஆக்சிமீட்டர் ஒன்று சொல்லுங்கள்.
— வாசகர், தருமபுரி

கருவிக்கு முன்னால் நோய் என்ன என்று தெரிய வேண்டும். அம்மாவை ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மூச்சை நிறைய இழுத்து, குழாயில் பலமாகவும் நீளமாகவும் ஊதச் சொல்வார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் மூச்சுக்குழாய் அடைப்பு உறுதி. இளைப்புக்கு ரத்தசோகையும் இதயக் கோளாறும்கூடக் காரணமாகலாம். அவற்றையும் பார்க்க வேண்டும்.

உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் ஏராளம். பணக்கார நாடுகளில் சிஓபிடியில் 70 சதவீதத்துக்கு மேல் புகைப்பழக்கத்தால் வருகிறது. நம்மைப் போன்ற நாடுகளில் அது 30 முதல் 40 சதவீதம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையலறைப் புகைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. புகைபிடிக்காத பெண்ணுக்கு இந்த நோய் வராது என்று நினைத்து எத்தனையோ தாய்மார்களை ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று உட்கார வைத்துவிட்டோம். உங்கள் அம்மாவை அப்படி விட்டுவிடாதீர்கள். அடுப்பையும் உடனே மாற்றுங்கள்.

கண்காணிப்புக் கருவி வைத்துக்கொண்டால் பீடியைத் தொடரலாமா?
— வாசகர், ஆம்பூர்

நுரையீரல் எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்பதை அன்றாடம் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். 1800 112 356 என்ற தேசிய இலவச எண்ணை அழையுங்கள். விடுவதற்கு உதவுகிறார்கள். இந்த நோயின் வேகத்தைக் குறைப்பதில் பீடியை விடுவதற்கு நிகரான மருந்து இல்லை.

இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாதாமே? போதாக்குறைக்கு, எடுத்தும் எனக்குக் கேட்கவில்லை.
— வாசகி, நாகர்கோவில்

கண்ணாடி போடுவது பழக்கமாகிவிடும் என்று யாரும் பயப்படுவதில்லை. இன்ஹேலரும் தேவைக்காக எடுப்பதுதான், போதை இல்லை. மாத்திரையாக விழுங்குவதைவிட மிகக் குறைந்த அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது.

கேட்காததற்குப் பெரும்பாலும் எடுக்கும் முறைதான் காரணம். தொலை மருத்துவம் உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இது. வீடியோ அழைப்பில் செவிலியர் முன்னால் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள். பஃப் வகையென்றால், குலுக்கினீர்களா, முதலில் மூச்சை முழுதாக வெளியே விட்டீர்களா, அழுத்தும் அதே நேரத்தில் மெதுவாக இழுத்தீர்களா, பத்து விநாடி அடக்கினீர்களா என்று அவர் பார்ப்பார். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராவிட்டால் இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயைக் கேளுங்கள். ஐந்து நிமிட வீடியோ அழைப்பு, மருந்துச் சீட்டில் புதிதாக ஒரு மருந்து ஏறுவதைத் தடுத்துவிடக்கூடும்.

போனில் டாக்டர் மருந்து எழுதுவது சட்டப்படி செல்லுமா?
— வாசகர், திருவண்ணாமலை

செல்லும். 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலை மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் வீடியோ, குரல் அழைப்பு, எழுத்துச் செய்தி என எந்த வழியிலும் ஆலோசனை தரலாம். சில மருந்துகளை முதல் ஆலோசனையில் வீடியோவில் பார்த்துத்தான் எழுத வேண்டும். போதைத் தன்மையுள்ள சிலவற்றை எழுதவே கூடாது. நேரில் வர வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்றினால் அவர் சொல்வதுதான் முடிவு. போனில் இருமலைக் கேட்கலாம், நெஞ்சைக் கேட்க முடியாது.

இ-சஞ்சீவனி என்ற அரசுச் சேவை இலவசமாகவே இருக்கிறது. போன் எண்ணைப் பதிந்து டோக்கன் வாங்கினால் மருத்துவர் வீடியோவில் வருவார், மருந்துச் சீட்டும் போனுக்கே வரும். ஏற்கெனவே நோய் உறுதியானவர்கள் தொடர் ஆலோசனைக்கு இதைப் பயன்படுத்தலாம்.

திடீரென முற்றினால் சாப்பிட என்று ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், மதுரை

உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்து, எப்போது தொடங்குவது என்று சொல்லித் தந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். தொடங்கிய அன்றே அவருக்குத் தெரிவிப்பது என்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை ஏன் என்றால், அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 426 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு நோய் பற்றிய பாடம், முற்றும்போது செய்ய வேண்டிய திட்டம், தொலைபேசி ஆதரவு எல்லாம் தரப்பட்டன. ஆனால் அந்தப் பிரிவில் 28 பேரும் வழக்கமான சிகிச்சையில் 10 பேரும் இறந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2012இல் முடிவை வெளியிட்ட ஆய்வாளர்களால் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நல்லெண்ணத்தோடு தீட்டிய திட்டத்தையும் விழிப்போடு கவனிக்க வேண்டும் என்பதே அதன் பாடம். மாத்திரை கையில் இருக்கும் தைரியத்தில் மருத்துவரை அழைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருக்கிறது. மூச்சு வாங்கும்போதெல்லாம் மாமனாருக்குக் கூட்டி வைக்கிறோம். சரியா?
— வாசகி, புதுச்சேரி

கூட்டாதீர்கள். லிட்டர் அளவும் மருந்துதான், அதை மருத்துவர் மட்டுமே மாற்ற வேண்டும். ஓய்விலேயே அளவு 88 அல்லது அதற்குக் கீழே நிற்பவர்களுக்குத் தினமும் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று 1980, 81இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகள் காட்டின. 89 முதல் 93 வரை, ஓரளவே குறைந்தவர்களுக்கு அப்படிப் பயன் இல்லை என்று 2016இல் இன்னோர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மின்சாரம் போனால் கருவி நின்றுவிடும். மாற்றாக ஒரு சிலிண்டர் தயாராக இருக்க வேண்டும், அதைத் திறக்க வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அடுத்து, ஆக்சிஜன் ஓடும் அறையில் பீடி, விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் கூடாது. தீப்பிடித்தால் நொடியில் பரவும்.

நிற்கும்போதே மூச்சு வாங்குகிறது. உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். நியாயமா?
— வாசகர், காரைக்குடி

நியாயம்தான். மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்தால் தசை மெலியும். மெலிந்த தசை அதே வேலைக்கு அதிக ஆக்சிஜன் கேட்கும், இன்னும் மூச்சு வாங்கும். இந்தச் சுழலை உடைக்கத்தான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. அதற்கான மையம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு வீடியோ வழிப் பயிற்சி ஒரு வரம். 2021இல் வெளியான இன்னொரு காக்ரேன் தொகுப்பில் 15 ஆய்வுகளின் 1,904 பேரைப் பார்த்தார்கள். பலன் மையத்தில் கிடைப்பதை ஒத்திருந்தது. பயிற்சியைக் கடைசிவரை முடித்தவர்கள், வீட்டிலிருந்து செய்தவர்களில் 93 சதவீதம், மையத்துக்குப் போனவர்களில் 70 சதவீதம். முதல் மதிப்பீட்டை மட்டும் நேரில் செய்துகொண்டு தொடங்குங்கள்.

பிள்ளைகள் விரலில் ஒன்று, கையில் ஒன்று, கூடத்தில் கேமரா என்று மாட்டிவிட்டார்கள். அக்கறைதான். ஆனால் கைதிபோல் இருக்கிறது.
— வாசகர் (வயது 76), தஞ்சாவூர்

உங்கள் மூச்சு உங்களுடையது, அதைப் பற்றிய தகவலும் உங்களுடையதே. எது யாருக்குப் போகலாம் என்று தீர்மானிக்கும் உரிமை முதலில் உங்களுக்குத்தான். கேமரா வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சிகிச்சைக்கு அது தேவையும் இல்லை. காலையில் ஓர் எண்ணும் மூன்று அறிகுறிகளும் போதும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. போனை எடுத்ததும் “எவ்வளவு காட்டுது?” என்று தொடங்காதீர்கள். “சாப்பிட்டீங்களாப்பா, ராத்திரி தூங்கினீங்களா?” என்று கேளுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க அவர் எத்தனை முறை நிறுத்தி மூச்செடுக்கிறார் என்று காதில் வாங்குங்கள். அதுவும் கண்காணிப்புத்தான், அதில் அவருக்கு மரியாதையும் இருக்கிறது.

எப்போது போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்?
— வாசகி, யாழ்ப்பாணம்

ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் பேச முடியாதபோது. உதடு நீலம் பாரிக்கும்போது. வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழியும்போது, குழம்பிப் பேசும்போது. சும்மா உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்செடுக்கும்போது. வழக்கமான அளவைவிட ஆக்சிஜன் நன்றாக இறங்கி, மருந்துக்கும் ஏறாதபோது. நெஞ்சு வலிக்கும்போது. இவற்றில் ஒன்று போதும். உங்களுக்கு 1990, தமிழ்நாட்டில் 108. வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் அது இல்லை.

அரசிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் என்ன கேட்பீர்கள்?
— வாசகர், ஓசூர்

உங்கள் மாவட்டத்தில்தான், சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுப் படியேறி வருகிறார்கள். இளைப்பு நோயாளியும் அந்தப் பட்டியலில் முழு இடம் பெற வேண்டும் என்று கேட்பேன். வருகிறவர் ஆக்சிஜன் அளவைக் குறிக்கட்டும், இன்ஹேலரை எடுத்துக் காட்டச் சொல்லட்டும், சளியின் நிறத்தைக் கேட்கட்டும். அவர் குறித்த எண்ணை அன்றே பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியரும், அவர் கேட்டால் பதில் சொல்ல மாவட்ட மருத்துவமனையில் ஒரு நெஞ்சக நோய் மருத்துவரும் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். கருவி மலிவாகிவிட்டது. இந்த இரண்டு பேருக்கான சம்பளத்தைத்தான் முதலில் ஒதுக்கச் சொல்வேன்.